யாமினி நடந்த தூரம்

போன வாரம் உங்களில் ஒருவர் நம் பயிற்சியாளர்கள் குழுவில் ஒரு வீடியோ போட்டிருந்தீர்கள். ஐந்து வயதுப் பையன். இரண்டு காலிலும் காலிபர் என்கிற தாங்குசட்டம் மாட்டி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கிறான். பின்னாலிருந்து யாரோ "சூப்பர்டா, சூப்பர்டா" என்கிறார்கள். அதற்குக் கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. மறுநாள் வீடியோ போட்ட பெண் எனக்குத் தனியாக எழுதினாள்: "மேடம், உங்களுக்குப் பிடிக்கலையா?"

பிடிக்கவில்லை என்றில்லை. அந்த வீடியோவை நாலைந்து முறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என் கண் பையனின் காலுக்குப் போகாமல் கழுத்துக்குப் போயிற்று. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பத்தாவது அடியில் வீடியோ முடிந்துவிடுகிறது. பதினோராவது அடியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். உட்கார்ந்தானா, வாந்தி எடுத்தானா, அடுத்த ஒரு மணி நேரம் எதையாவது கையில் எடுத்தானா? இதை அந்தப் பெண்ணுக்கு இரண்டு வரியில் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. அழித்து அழித்து எழுதிக் கடைசியில் இது வந்திருக்கிறது. வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகியும் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நிம்மதி இல்லை. அதனால் உங்கள் எல்லாருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் பழவேற்காடு ஏரிப் பக்கத்துக் குப்பங்களுக்கு வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தேன். அங்கே என் பெயர் எக்சைஸ் டீச்சர். சாலை போகும் ஊர்களுக்கு பஸ்ஸில் போவேன். தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கும் குப்பங்களுக்குப் படகு. பசியாவரத்தைத் தாண்டி அப்படி ஒரு குப்பம். பெயர் வேண்டாம். அங்கேதான் யாமினி இருந்தாள்.

முதன்முதலில் பார்த்தபோது அவளுக்கு எட்டு வயது. பிறக்கும்போதே கீழ்முதுகில் தண்டுவடம் மூடாமல் இருந்த குழந்தை. பிறந்த சில நாளில் அறுவை சிகிச்சை செய்து மூடியிருந்தார்கள். தொடையில் பலம் இருந்தது. முழங்காலுக்குக் கீழே பலமும் குறைவு, உணர்ச்சியும் குறைவு. சிறுநீர் தானாக அடங்காது, குழாய் வைத்து எடுக்க வேண்டும். காலையிலும் சாயங்காலமும் அவள் அம்மா தேவகி எடுத்துவிடுவாள். தேவகி இறால் பிரிக்கும் வேலைக்குப் போவாள். அப்பா ஏரியிலும் கடலிலும் தொழில் செய்கிறவர். யாமினி அவரை நைனா என்பாள். அதுவரை அவளைப் பள்ளிக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு போனது அவர்தான்.

நான் அவளை நடக்க வைத்தேன். இதை இப்படி ஒரு வரியில் சொன்னாலும், இரண்டு வருடம் ஆயிற்று. காலிபர், ஊன்றுகோல், விழுதல், எழுதல். பத்து வயதில் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை தானாக நடந்து போனாள். மணலில், அறுநூறு அடி இருக்கும். முதல் நாள் குப்பமே வாசலுக்கு வந்து பார்த்தது. அவள் நைனா கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார், தொடாமல். அன்று எடுத்த படத்தை எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தோம். புதிதாக வருகிற எல்லாருக்கும் நான் அதைக் காட்டுவேன். சக்கர நாற்காலி என்பது நாம் தோற்றுப்போன பிறகு கொடுக்கிற பொருள் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. நானாகவே நம்பிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து அவளுடைய வகுப்பு டீச்சர் என்னிடம் பேசினார். திருப்பாலைவனத்திலிருந்து பஸ் பிடித்து, பிறகு படகு ஏறி வருகிறவர். அதிகம் பேச மாட்டார். யாமினி முதல் இரண்டு பாட வேளையும் மேஜையில் தலை வைத்துப் படுத்துவிடுகிறாள், எழுதச் சொன்னால் கை நடுங்குகிறது, போன வருடம் வாய்ப்பாடு முழுக்கச் சொன்ன பெண் இப்போது பாதியில் நிற்கிறாள் என்றார். நான் ரத்தசோகையாக இருக்கும், முருங்கைக்கீரை கொடுக்கச் சொல்கிறேன் என்றேன்.

அவர் கேட்டார். "அவ நடந்து வரணும்னு யாருங்க கேட்டாங்க? எனக்கு அவ கிளாஸ்ல முழிச்சிருந்தா போதும்."

எனக்குக் கோபம் வந்தது. பாடம் நடத்துகிறவருக்கு நடையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். தேவகியும் அதையேதான் வேறு மாதிரி சொன்னாள், பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைக்கு ஒரு நாள் வேலை முடிந்துவிடுகிறது என்று. அதைத் தாயின் இளகிய மனசு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு பேர், இரண்டு இடத்தில், ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். நான் குறிப்பேட்டில் 'முன்னேற்றம் நன்று' என்று எழுதிவிட்டு வந்தேன்.

அந்த வருடம் மாற்றுத்திறனாளிகள் தின விழா பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. யாமினி மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து வந்து பரிசு வாங்க வேண்டும் என்று ஏற்பாடு. ஏற்பாடு செய்தது நான். விடியற்காலையிலேயே படகேறி, அப்புறம் வேனில் வந்திருந்தாள். விருந்தினர் வரத் தாமதமாகி, எங்கள் முறை வரும்போது மதியம் ஆகிவிட்டது. அதுவரை காலிபரைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். தேவகி தண்ணீர் பாட்டிலை நீட்டும்போதெல்லாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் பார்த்தேன். கூச்சம் என்று நினைத்தேன்.

மேடை ஏறுவதற்குமுன் அவள் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. உதடு காய்ந்திருந்தது. நெற்றியில் கை வைத்தேன், லேசாகச் சுட்டது. மண்டபமே சுடுகிறதே, மின்விசிறி ஓடவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு நிமிடத்தில் நான் "இன்னைக்கு வேணாம், உக்காந்தே வாங்கிக்கோ" என்று சொல்லியிருக்கலாம். மைக்கில் அவள் பெயரை அழைத்துவிட்டார்கள். என் மேலதிகாரி முன்வரிசையில் இருந்தார். "முடியுமாம்மா?" என்று கேட்டேன். என்னைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். பத்து வயதுப் பிள்ளை எக்சைஸ் டீச்சரிடம் முடியாது என்று எப்படிச் சொல்லும்? கேள்வி கேட்டேன் என்று பெயர்தான், பதிலை நானே அவள் வாயில் வைத்துவிட்டேன்.

நடந்தாள். கைதட்டல் நிற்கவே இல்லை. பரிசை வாங்கி, இந்தப் பக்கம் இறங்கி, திரைக்குப் பின்னால் வந்ததும் ஊன்றுகோல் இரண்டும் கையிலிருந்து நழுவின. நான் பிடித்துக்கொண்டேன். உடம்பு முழுக்க நடுங்கியது. தரையில் படுக்க வைத்து வலது காலிபரைக் கழற்றினேன். சாக்ஸ் கணுக்காலோடு ஒட்டியிருந்தது. பிரித்தால் ரத்தம். பட்டை உராய்ந்து உராய்ந்து தோல் போயிருந்தது, அவளுக்கு அது தெரியவே இல்லை. தேவகி பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே காய்ச்சல் ஏறியது. மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலில் இருந்த புண்ணால் அல்ல. சிறுநீரில் கிருமி பெருகி, சிறுநீரகம் வரை போயிருந்தது. அங்கிருந்த டாக்டர், பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று கேட்டார். தேவகி வீட்டில் குடிப்பதைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில்? தேவகிக்குத் தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. அவள் எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை டிகிரி முழங்கால் மடங்குகிறது, எல்லாம் என் நோட்டில் இருந்தது. தண்ணீர் இல்லை.

பத்து நாளுக்கு மேல் படுக்கையில் இருந்து வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்குத் திரும்பிய வாரம் நான் முதல் படகில் போனேன். சொல்லாமல் போனேன். பள்ளிக்குப் போகும் வழியில் காயப்போட்ட வலைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இதை அவள் பள்ளிக்கு நடக்கத் தொடங்கிய வாரமே நான் செய்திருக்க வேண்டும்.

நான் பயிற்சிக்கு வரும்போது அவள் நடப்பது ஒரு நடை. யாரும் பார்க்காதபோது நடப்பது வேறு. ஊன்றுகோல் ஒவ்வொரு முறையும் மணலில் இறங்கியது. அதைப் பிடுங்கி எடுத்துத்தான் அடுத்த அடி வைக்க முடிந்தது. ஏழெட்டு அடிக்கு ஒருமுறை நின்றாள். கூட வந்த பிள்ளைகள் முதலில் காத்திருந்தார்கள், அப்புறம் ஓடிவிட்டார்கள். பாதி வழியில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பள்ளி வராந்தாவில் போய் விழுகிற மாதிரி உட்கார்ந்தபோது சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பயந்துவிட்டாள். கையைப் பிடித்து நாடி பார்த்தேன். நிமிடத்துக்கு நூற்று எழுபதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடி முடித்தால் அப்படி இருக்கும். கையை விடாமல் காத்திருந்தேன். மணி அடித்தது, பிரார்த்தனை முடிந்தது, வருகைப் பதிவு எடுத்தார்கள். நாடி இன்னும் இறங்கவில்லை. வகுப்பு டீச்சர் வாசலில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

தண்ணீர் பாட்டில் பையில் நிரம்பி இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். நான் திட்டுவேன் என்று நினைத்திருக்க வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"குடிச்சா துணி நனைஞ்சிடும். நனைஞ்சா கக்கூஸுக்குப் போவணும். அது பின்னாடி கீது. திரும்பியும் நடக்கணும் டீச்சர்."

அவ்வளவுதான். இத்தனை மாதமாக அந்தப் பிள்ளை கணக்குப் போட்டிருக்கிறது. இருக்கிற பலத்தில் வருவதற்கு இவ்வளவு, போவதற்கு இவ்வளவு. நடுவில் ஒரு நடைக்கு மிச்சம் இல்லை, அதனால் தண்ணீரை நிறுத்திவிட்டது.

அடுத்த வாரம் ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கிப் படகில் ஏற்றிக்கொண்டு போனேன். பள்ளியின் சிமெண்ட் வராந்தாவில் ஒருநாள் நடக்க வைத்தேன், மறுநாள் அதே தூரம் நாற்காலியில் போகச் சொன்னேன். நடந்த நாளில் பேசமுடியாமல் மூச்சு வாங்கினாள். நாற்காலியில் போன நாளில் நாடி கொஞ்சம்தான் ஏறியது. போகும்போதே வாய் ஓயவில்லை. தூண் தூணாகச் சுற்றி, டீச்சரின் மேஜைவரை போய்ச் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு திரும்பினாள். அவள் பேசிக்கொண்டே ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போவதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

அவள் நைனாவிடம் இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டு முன்னால் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நாற்காலியைப் பார்த்ததும் கை நின்றது. நான் நாடிக் கணக்கெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"ரெண்டு வருசமா நட நடன்னு சொன்னது நீங்க. அது அழுதாக்கூட தூக்காதீங்கன்னு சொன்னதும் நீங்கதான். நான் தூக்கல. இப்போ நீங்களே வந்து உக்கார வைன்னு சொன்னா, ஊருக்கு நான் இன்னா சொல்றது? எம்பொண்ணுக்கு இன்னா சொல்றது?"

நான் சொன்னது தப்பு என்றேன். அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு சுலபமாக வாய் வரவில்லை என்பதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. முதலில் 'அப்போதைய நிலைமை வேறு' என்று ஆரம்பித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான், "இல்லண்ணா, நான் தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

அதற்கும் அவர் இளகவில்லை. நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விடச் சொன்னார். உள்ளேயிருந்து யாமினி தவழ்ந்து வாசற்படி வரை வந்தாள்.

"நைனா, எனக்கு கிளாஸ்ல தண்ணி குடிக்கணும்."

அவர் வலையைக் கீழே வைத்தார். தேவகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து வந்து நாற்காலியை மணலில் தள்ளிப் பார்த்தார். நாலடியில் சக்கரம் புதைந்தது. இது ரோட்டு வண்டி, இந்த மணலுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு, அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியை எடுத்துக்கொண்டு போகவும் சொல்லவில்லை, விட்டுவிட்டுப் போகவும் சொல்லவில்லை. படகுக்கு நேரமாகிவிட்டது. நான் விட்டுவிட்டு வந்தேன்.

இருபது நாள் எந்தத் தகவலும் இல்லை. அப்புறம் வகுப்பு டீச்சர் போனில் ஒரு படம் அனுப்பினார். கரையில் கிடந்த உடைந்த ஃபைபர் படகுகளை அறுத்து, தட்டையான துண்டுகளாக வீட்டு வாசலிலிருந்து பள்ளி வராந்தா வரை வரிசையாகப் பதித்திருந்தார்கள். யாமினியின் நைனாவும் அவர் மச்சான்கள் இரண்டு பேரும். மேலே வழுக்காமல் இருக்கக் கோணியை ஒட்டியிருந்தார்கள். கக்கூஸுக்கும் ஒரு கிளை போயிருந்தது. அதை நான் கேட்கவே இல்லை.

அந்தப் பாதை அப்படியே நின்றது என்று நினைத்துவிடாதீர்கள். காற்றடித்தால் மணல் மூடும், தேவகி காலையில் பெருக்கிவிட வேண்டும். முதல் மழையில் நாலைந்து துண்டு பெயர்ந்து போயிற்று. பாதை குறுக்கே வருவதால் படகு இழுக்க முடியவில்லை என்று ஒருத்தர் சண்டைக்கு வந்தார். திரும்பத் திரும்பப் போட்டார்கள். யாமினி வகுப்பில் விழித்திருந்தாள். வாய்ப்பாட்டை அந்த வருடமே பிடித்துவிட்டாள்.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால் உங்களுக்கு ஒரு நல்ல பாடம் கிடைத்திருக்கும். ஆனால் யாமினிக்குப் பிறகு நான் மறுபக்கம் சாய்ந்தேன். ஆரம்பாக்கம் பக்கம் ஆறு வயதுக் குழந்தை ஒன்று, இதே குறைதான். கால் பலம் யாமினியைவிட நன்றாகவே இருந்தது. மூச்சு வாங்குகிறது என்றதும் நாற்காலி எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இடுப்பும் முழங்காலும் மடங்கிய நிலையிலேயே இறுகியிருந்தன. அதைப் பிரித்தெடுக்க ரொம்பப் பாடுபட்டோம். ஆக, நடையா வண்டியா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளை, இந்தத் தரையில், இந்த நேரத்தில் எதற்காக நகர்கிறது, போய்ச் சேர்ந்த பிறகு அங்கே செய்ய வேண்டியதைச் செய்ய அதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் பாருங்கள், பதில் மாறியிருக்கும். "முடியுமா?" என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் முடியும் என்றுதான் சொல்லும்.

யாமினிக்கு இப்போது பதினெட்டு வயது. பொன்னேரியில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். ஒரு சிறுநீரகத்தில் தழும்பு இருக்கிறது. வருடா வருடம் ஸ்கேன் எடுக்க வேண்டும், அது ஆயுசுக்கும். ஸ்கேன் அறிக்கையில் தழும்பின் அளவு இருக்கிறது, காரணம் இல்லை. அந்தக் காரணத்தில் எனக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்று நாள் முன்பு அந்த ஸ்கேனுக்குக் கூடப் போயிருந்தேன். வெளியே காத்திருந்தபோது, உங்களுக்கு இப்படி ஒன்று எழுதப் போகிறேன், அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். என்ன எழுதுவீர்கள் என்றாள். நடக்க வைத்தது தப்பு என்று எழுதுவேன் என்றேன். நாற்காலியை லேசாகத் திருப்பி என்னைப் பார்த்தாள். தேவகியின் முகம் அப்படியே அவளுக்கு.

"தப்புன்னு மட்டும் எழுதாதீங்க டீச்சர்," என்றாள். "இதுல உக்காந்துகினு ஜனங்க நடுவுல போனா எனக்கு எல்லாரோட இடுப்புதான் தெரியும். நின்னாதான் மூஞ்சி தெரியும். வாரத்துல ரெண்டு நாள் வூட்ல காலிபர் போட்டு நிக்கறேன், அதுக்குத்தான். அதையும் அவங்களுக்குச் சொல்லுங்க."

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் தள்ளுவதற்காக எழுந்தேன். அதற்குள் அவளே சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.